நாற்பதடி வடிகால்

சுசீலாவுக்கு உலகத்தில் யாரோடும் தீராப் பகை கிடையாது, தன் வீட்டு முற்றத்தைத் தவிர. போர்ட் பிளேயரின் டாலிகஞ்ச் சரிவில், மேலே அண்டை வீட்டுக்காரி ருக்குவின் வீட்டுக்கும் கீழே தார்ச்சாலைக்கும் நடுவில், வாசற்படியிலிருந்து கேட்டு வரைக்கும் நாற்பதடிக்குக் கிடக்கிற களிமண் அது. வெயில் காலத்தில் ஓடாக வெடிக்கும். மழைக்காலத்தில் வெண்ணெயாக வழுக்கும். போன ஆகஸ்டில் ஒரு காலை, கேட்டில் தொங்கவிட்டிருந்த பால் பாக்கெட்டை எடுக்கப் போன அவள் கணவர் பாலசுப்பிரமணியத்தைக் காலை வாரிவிட்டு இடுப்பெலும்பை முறித்துப் போட்டது அந்த முற்றம்தான். பால் பாக்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கூடாதது மனசுதான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை அண்டாது என்பார்கள். மின்துறையில் முப்பத்தாறு வருஷம் கம்பம் ஏறி இறங்கிய மனிதர், வாசற்படிக்கு அந்தப் பக்கம் ஒரு காலை எடுத்து வைக்க மறுத்துவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு, கழிப்பறையிலிருந்து வராந்தா நாற்காலிக்கு. அவருடைய உலகம் அவ்வளவுக்குச் சுருங்கிப் போனது.

பிசியோதெரபிக்கு வந்துகொண்டிருந்த பெண் ஏப்ரலில் சுசீலாவைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "ஆன்ட்டி, வீட்டுக்குள்ள பத்தடி நடக்கறது நடையே இல்ல. வெளியில, சமதளத்துல, தெனமும் நடக்கணும். இந்த மழை சீசனும் சேர்லயே போச்சுன்னா அந்தக் கால் தசை செத்துரும். அப்புறம் பெட்தான்."

அந்தமானில் மழை சீசன் என்றால் ஏதோ இரண்டு மாத விருந்தாளி என்று மெயின்லாண்டில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மே மாதம் வந்து உட்கார்ந்தால் டிசம்பரில்தான் எழுந்திருக்கும். அதுவரை முற்றத்தில் கால் வைக்க முடியாது. சிமெண்ட் போடலாம் என்றால், இந்த ஊர் ஈரத்தில் ஒரே மாதத்தில் பாசி பிடித்துக் களிமண்ணைவிட மோசமாக வழுக்கும். சரிவான தெருவில் வாக்கரோடு போவது தற்கொலைக்குச் சமம். சுசீலா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மழை இறங்க ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் அந்த மனிதருக்கு நடக்க ஒரு இடம் வேண்டும். கிடைக்காவிட்டால் அவர் படுத்துவிடுவார். படுத்தால் எழுந்திருக்க மாட்டார்.

செயற்கைப் புல் யோசனை அவளுக்கு ஹேவ்லாக் தீவில் பார்த்ததிலிருந்து வந்தது. அக்கா மகள் கல்யாணத்துக்கு அங்கே ஒரு ரிசார்ட்டுக்குப் போயிருந்தபோது, கொட்டுகிற மழையில் அந்தப் பச்சைப் புல்தரையில் எழுபது வயசுப் பெரியவர்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் விழவில்லை. இவள் குனிந்து தடவிப் பார்த்தாள். பிளாஸ்டிக். ஆனால் காலைப் பிடித்துக்கொள்கிற பிளாஸ்டிக்.

ஆள் தேடியபோது கிடைத்தவன் வண்டூர் ஜஸ்டின். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த மீன்பிடிக் குடும்பம். அப்பன் வலையோடு நின்றுவிட, மகன் ரிசார்ட்டுகளுக்குத் தரை போடுகிற வேலையில் இறங்கிவிட்டான். முப்பத்தைந்து வயசிருக்கும். வந்தவன் டேப்பை எடுக்கவில்லை, புல் மாதிரிகளைக் காட்டவில்லை. ஒரு மண்வெட்டி கேட்டான். முற்றத்தின் நடுவில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான்.

"நாளைக்கு வாரேன்க்கா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பைத்தியக்காரன் ஒருத்தனைக் கூப்பிட்டுவிட்டோமோ என்று சுசீலா பயந்தாள்.

மறுநாள் காலை குழியில் தண்ணீர் அப்படியே நின்றது. ஒரு தவளை வேறு குடிவந்திருந்தது.

"பாத்தீங்களா?" என்றான் ஜஸ்டின். "ஒரு ராத்திரி முழுக்க ஒரு விரக்கடை எறங்கல. இதுமேல புல்லைப் போட்டா, கொளத்துமேல பாய் விரிச்ச கதைதான். மொதல்ல தண்ணிக்கு வழி, பொறவுதான் புல்லு."

"எல்லாரும் ரெண்டு நாள்ல போட்டுட்டுப் போறாங்களே?"

"நானும் அப்படிப் போட்டவன்தான்க்கா." அவன் தலையைச் சொறிந்தான். "மொத மொத எடுத்த வேலை. சீக்கிரம், சீக்கிரம்னு ஓனர் நின்னாரு. களிமண்ணுமேல அப்படியே விரிச்சேன். ஒரே மாசம். அழுகின மீன் கணக்கா நாத்தம். கெஸ்ட்டு எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுதாவ. என்னையே கூப்பிட்டு, அத்தனை பேரு முன்னாடியும் சுருட்டி எடுக்க வச்சாரு. அன்னைக்கு மாதா மேல சத்தியம் பண்ணுனேன், வடிகால் இல்லாம ஒரு முழம் புல்லு விரிக்க மாட்டேன்னு."

தன் தோல்வியைத் தானே சொல்கிறவனை நம்பலாம் என்று சுசீலாவுக்குத் தோன்றியது. அவன் விளக்கினான். மேல் மண்ணை அரை அடி வழித்து எடுக்க வேண்டும். வீட்டுப் பக்கம் உயரம், கேட்டுப் பக்கம் தாழ்வு என்று தரைக்கு வாட்டம் கொடுத்துச் சாய்க்க வேண்டும். நடுவில் படியிலிருந்து கேட்டு வரைக்கும் ஒரு நீளக் குழி வெட்டி, துளை போட்ட குழாயைத் துணி சுற்றிப் படுக்க வைத்து, மேலே ஜல்லி. கேட்டருகே ஒரு சின்னத் தொட்டி. அங்கிருந்து சுவருக்கு அடியில் இன்னொரு குழாய், தெருச் சாக்கடைக்கு. இதற்கெல்லாம் மேலே ஜல்லித் தூளைக் கொட்டி இடித்து, அதன்மேல்தான் புல்.

இதையெல்லாம் வராந்தாவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த பாலசுப்பிரமணியம் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"தம்பி, அந்தத் தண்ணி எங்கிட்டுப் போவும்?"

"சாக்கடைக்கு சார்."

"அங்கிட்டிருந்து?"

"கடலுக்குத்தான் சார்."

"அப்ப வானத்துலருந்து வாற தண்ணியப் புடிச்சு, செலவழிச்சுக் குழா போட்டு, கடல்ல கொண்டுபோயி ஊத்தப் போறீக. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு கேள்விப்பட்டிருக்கேன். கடல்ல போடச் சொல்லி எவனும் சொல்லல."

இவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாலசுப்பிரமணியம் கமுதிப் பக்கத்துக்காரர். அவர் ஊரில் கண்மாய் நிறைந்தால் மேளம் அடிப்பார்கள். நிறையாத வருஷம் சோறு இருக்காது. இருபத்திரண்டு வயசில் கப்பலேறி வந்து, வருஷத்தில் எட்டு மாதம் வானம் ஒழுகுகிற தீவில் நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டார். அந்த மழையெல்லாம் சேர்ந்தும் அவருக்குள் இருக்கிற கமுதியை நனைக்க முடியவில்லை. கூரை விளிம்பில் ஒழுகுவதை டிரம்மில் பிடிப்பார். டிரம் நிறைந்தால் அண்டா, அண்டா நிறைந்தால் சருவச்சட்டி. முற்றத்தின் கீழ் ஓரத்தில், கேட்டை ஒட்டி, சுவருக்கு உள்பக்கமாக ஒரு அடி உயரத்துக்குத் தன் கையால் வரப்பு கட்டி வைத்திருந்தார். வருஷா வருஷம் ஏப்ரலில் அதைப் பிசைந்து பூசுவார். பெய்கிற மழை முற்றத்தில் நின்று, மண்ணுக்குள் இறங்கி, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற உறைக்கிணற்றுக்குப் போகும் என்பது அவர் தீர்மானம். கோடையில் குழாயில் மூன்று நாளைக்கு ஒருதரம் தண்ணீர் வரும்போது தெருவே இவர் கிணற்றுக்குக் குடத்தோடு வரும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சுசீலா போர்ட் பிளேயரிலேயே பிறந்தவள். மழைச் சத்தத்தில் தூங்கிப் பழகியவள். அவளுக்கு மழை என்றால் காயாத துணி, பூசணம் பிடித்த புடவை, முறிந்த இடுப்பு.

"சார், கொஞ்சம் பாருங்க," என்று ஜஸ்டின் குழியைக் காட்டினான். "இந்தத் தண்ணி ஒரு விரல் கூட எறங்கல. இது எப்படி சார் கெணத்துக்குப் போவும்? நீங்க கட்டுன வரப்புனால தண்ணி இங்கனயே நின்னு நாறுது. சகதி ஆனதே அதனாலதான்."

சொன்ன பிறகுதான் அவன் சொன்னதன் அர்த்தம் மூவருக்கும் உறைத்தது. வழுக்கிய சகதி அவருடைய கைவேலை. பாலசுப்பிரமணியம் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஜஸ்டின் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வேலை தொடங்கியது. ஜஸ்டினோடு காத்தமுத்து என்று ஒரு மண்வேலைக்காரர் வந்தார். அதிகம் பேசாதவர்; களிமண்ணை அல்வாத் துண்டு போட்ட மாதிரி வெட்டி எடுக்கிறவர். மூன்றாம் நாள் குழி கேட்டை நெருங்கியது. குறுக்கே வரப்பு. காத்தமுத்து மண்வெட்டியை ஓங்கியதும் வராந்தாவில் வாக்கர் கடகடவென்று ஆடியது. பாலசுப்பிரமணியம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்.

"ஏய்! அதுல கைய வைக்காத! இருவது வருசமாக் கட்டுன கரைப்பா அது!"

காத்தமுத்து மண்வெட்டியைத் தோளிலேயே வைத்துக்கொண்டு சுசீலாவைப் பார்த்தார். ஜஸ்டினும் பார்த்தான். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அவர் அந்த வரப்பைத் தடவித் தடவிப் பூசுவதை அவள் இருபது ஏப்ரலாகப் பார்த்திருக்கிறாள். ஆனால் கட்டிலில் கிடக்கிற ஒரு உடம்பையும் அவள் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உடைங்க," என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் அவளிடம் பேசவில்லை. காபியை வாங்கிக்கொள்வார், குடிப்பார், டம்ளரைத் தரையில் வைப்பார். மேல் வீட்டு ருக்கு வேலிக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, "அரே சுசீலா, பிளாஸ்டிக் புல்லுக்காக இவ்ளோ பெரிய குழியா? நம்ம தெருவையே பொதைக்கலாம் போல இருக்கே," என்று சிரித்தாள். ருக்குவுக்கென்ன, அவள் புருஷன் தினமும் கடலோரம் ஓடப் போகிறார்.

சென்னையிலிருந்து புல் சுருள்களை ஏற்றிய கப்பல் ஒரு வாரம் தாமதம். அதுவும் நல்லதாகப் போயிற்று. அந்த வாரம் கோடைமழை ஒன்று அடித்தது. ஜல்லிக்குள் தண்ணீர் சலசலவென்று இறங்கியது. சற்று நேரத்தில் சுவருக்கு வெளியே குழாய் வாய் இரண்டு தரம் இருமிவிட்டு, கலங்கலாகக் கொட்டத் தொடங்கியது. மழை நின்று அரை மணிக்கெல்லாம் முற்றம் வெறும் ஜல்லியாகக் கிடந்தது. ஜஸ்டின் ஈரச் சட்டையோடு கை தட்டினான்.

"ஏ ஒன் வேலை, அக்கா! இனிமே பயமே இல்ல."

சுசீலா திரும்பிப் பார்த்தாள். அவள் கணவர் மகிழ்ச்சியாக இல்லை. தெருவில் ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணெதிரே யாரோ தன் வீட்டுப் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறவர் முகம் அது.

"அம்புட்டும் போயிருச்சு," என்றார், தனக்குத்தானே.

கப்பல் வந்தது, புல் வந்தது. ஒரே நாளில் விரித்து, ஓரம் வெட்டி, ஆணி அடித்து முடித்தார்கள். சாயங்கால வெயிலில் முற்றம் பச்சைப் பசேலென்று கிடந்தபோது சுசீலா செருப்பைக் கழற்றிவிட்டு அதன் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். சின்னப் பெண்ணாகிவிட்ட மாதிரி இருந்தது. பிறகு படியருகே வந்து கையை நீட்டினாள்.

"வாங்க. ஒரே ஒரு எட்டு."

"பிளாஸ்டிக்குல எவன் நடப்பான்?"

"உங்களுக்காகத்தானே போட்டது?"

"நான் கேட்டனா?"

மறுநாளும் கெஞ்சினாள். அதற்கு மறுநாள் திட்டினாள். பிசியோ பெண் வந்து தோளைப் பிடித்துத் தூக்கினாள். அவர் படியில் நின்று, கால் நடுங்கி, வியர்த்து, திரும்பி நாற்காலியில் விழுந்தார். அன்று மதியம் சுசீலா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை. தண்ணீரைத் தாண்டியாயிற்று, களிமண்ணைத் தாண்டியாயிற்று, இந்த மனிதரை எப்படித் தாண்டுவது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாத்திரை வாங்க அபர்டீன் பஜாருக்குப் போனாள். போகும்போதே மேற்கே வானம் கருத்துக்கொண்டிருந்தது. மருந்துக் கடையில் கூட்டம், பஸ்ஸும் தாமதம். திரும்பி வர இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது முதல் தூறல் விழுந்தது.

பாலசுப்பிரமணியம் நாற்காலியில்தான் இருந்தார். ஆனால் காலையில் கட்டியிருந்த நீலக் கட்டம் போட்ட லுங்கி இல்லை. வேறொன்றைத் தானாகவே மாற்றிக் கட்டியிருந்தார். மூச்சு கொஞ்சம் வாங்கியது. கழிப்பறைக்குப் போவதற்குள் அவசரமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து சுசீலா ஒன்றும் கேட்கவில்லை. இப்படிப்பட்டதைக் கேட்டு ஒரு மனிதரைக் கூச வைக்கக் கூடாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் வழக்கத்தைவிட இரண்டு கரண்டி சோறு கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதையும் அவள் ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள்.

அன்று பிடித்த மழை விடிந்தும் விடவில்லை. பருவம் இறங்கிவிட்டது.

காலையில் கதவைத் திறந்த சுசீலா படியிலேயே நின்றுவிட்டாள். எண்ணெயில் போட்ட பூரி மாதிரி புல்தரை நடுவில் உப்பியிருந்தது. காலை வைத்தாள்; கணுக்கால் வரைக்கும் தண்ணீர் பொங்கி வந்தது. ஒரு ஓரத்தில் ஆணி பிடுங்கிக்கொண்டு புல் வாயைப் பிளந்திருந்தது. மேலே வேலியில் ருக்குவின் தலை. "ஹாய் ராம்! பானி பானி ஹோ கயா! ஒரே தண்ணியா நிக்குதே!" இந்த முறை அவள்கூடச் சிரிக்கவில்லை.

சுசீலா உள்ளே திரும்பிப் பார்த்தாள். சொன்னேனே, கேட்டியா என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவர் தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறியை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜஸ்டின் மழைக்கோட்டும் போடாமல், காத்தமுத்துவையும் ஏற்றிக்கொண்டு வண்டூரிலிருந்து பைக்கில் பறந்து வந்தான். முற்றத்தைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப் போனது.

"வாட்டம் தப்பிருச்சுக்கா. தரை அமுங்கிருச்சு போல. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்." குரல் உடைந்தது. "மறுபடியும் பண்ணிட்டேன்."

அவன் நேராக வீட்டுப் பக்கத்து முனைக்குப் போய்ப் புல்லை உரித்தான். தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாயை வைத்துப் பார்த்தான். வாட்டம் சரியாக இருந்தது. நம்பாமல் இன்னொரு இடத்தில் வைத்தான். அங்கேயும் சரி. கையால் ஜல்லியைத் தோண்டித் தோண்டிக் குழாயைத் தொட்டான். குழாய் நிறையத் தண்ணீர் அசையாமல் நின்றது. பட்ட காலிலேதான் படும் என்பது ஜஸ்டினைப் பொறுத்தவரை பழமொழியாக இல்லை, தொழிலாக இருந்தது. மழையில் மண்டியிட்டு அவன் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். மாதாவிடம் பேசியிருப்பான்.

கேட்டருகே போன காத்தமுத்துதான் கூப்பிட்டார். "மேஸ்திரி, இங்கன வாங்க. தொட்டி காஞ்சு கெடக்கு."

ஜஸ்டின் ஓடினான். முற்றத்தில் இவ்வளவு தண்ணீர் நின்றும், மூடியைத் தூக்கிய தொட்டிக்குள் ஒரு சொட்டு இல்லை. முற்றத்திலிருந்து உள்ளே வருகிற குழாயின் வாயில் களிமண் அப்பியிருந்தது. சும்மா அப்பவில்லை. ஓரம் ஓரமாக விரலால் அழுத்தி, கட்டைவிரலால் இழைத்து, நீர் கசியாமல் பூசியிருந்தது. ஜஸ்டின் அதைக் குத்திப் பெயர்த்து, உள்ளே திணித்திருந்த துணிச்சுருளின் நுனியைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுத்தான். சுருள் வந்த வேகத்தில் அவன் மல்லாக்க விழுந்தான். பின்னாலேயே தண்ணீர் வெடித்துக்கொண்டு வந்து தொட்டியை நிரப்பி, சுவருக்கு அப்பால் தெருவில் இரைந்து விழுந்தது.

"எந்த ராஸ்கல் பாத்த வேலைக்கா இது?" என்று கத்தினான் ஜஸ்டின். "வேணும்னே அடைச்சிருக்கான்!"

சுசீலா அந்தத் துணியைக் கையில் வாங்கினாள். சேற்றைப் பிழிந்தாள். நீலக் கட்டம்.

அவள் விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போய் லுங்கியை அவர் காலடியில் போட்டாள்.

"இது உங்களுதுதானே?"

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணைக் கீழே இறக்கினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஆமா. நாந்தான் அடைச்சேன்."

"ஏன்? ஏங்க இப்படிப் பண்ணினீங்க?"

"மேக்கால இருட்டிக்கிட்டு வருது. சீசனோட மொத மழை. அம்புட்டும் ரோட்டுக்குப் போவும்னு நெனச்சேன். மனசு கேக்கல, சுசீலா. எங்க ஊர்ல மடைய அடைக்காம ஒருத்தன் வீட்டுல உக்காந்திருந்தா அவன் மனுசனே இல்ல."

"அந்தப் பையனைப் பாருங்க! தன்னாலதான் போச்சுன்னு அழுதுக்கிட்டு நிக்கிறான். நான் ஒரு மாசமாத் தூங்கல. எல்லாம் யாருக்காக? ஒரு எட்டு வைக்க மாட்டேன்னு அடம் புடிச்சிட்டு, நான் அந்தாண்ட போனதும் அங்கே போயி..."

அவள் அத்தோடு நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது. படியைப் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அங்கே எப்படிப் போனீங்க?"

"நடந்துதான்."

"யாரு புடிச்சுக்கிட்டா?"

"யாரு இருந்தா புடிக்க? வாக்கரைத்தான் கொண்டு போனேன். அது பாதியிலேயே புல்லுல மாட்டிக்கிச்சு. அங்கிட்டே போட்டுட்டு, செவுத்தைப் புடிச்சுக்கிட்டே போனேன்."

"தனியாவா? நாப்பது அடியா?"

"பெறகு பறந்தா போக முடியும்? கீழ உக்காந்துதான் வேலை பாத்தேன். வரப்பு மண்ணு அங்கனயே குவிஞ்சு கெடந்துச்சு. கட்டியிருந்த லுங்கிய அவுத்துத் திணிச்சு, மண்ணைப் பெசஞ்சு பூசிட்டேன். உள்ள டவுசரு இருந்துச்சு. எந்திரிக்கத்தான் நேரமாச்சு. கேட்டுக் கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சு எந்திரிச்சேன். திரும்பி வாறப்ப வாக்கரையும் எடுத்துக்கிட்டு வந்தேன்."

"வழுக்கலையா?"

"இல்ல," என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, அந்தச் சேதியை இப்போதுதான் தானே கேள்விப்படுகிறவர் போல, "வழுக்கவே இல்ல, சுசீலா," என்றார்.

சுசீலா படியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அங்கே விழுந்திருந்தால் என்கிற பயம் ஒரு பக்கம், விழவில்லை என்கிற சந்தோஷம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து வந்தபோது சிரிப்பதா அழுவதா என்று முகத்துக்கே தெரியவில்லை. டாக்டர் சொல்லி நடக்காத கால். அவள் கெஞ்சி நடக்காத கால். ஒரு முற்றத்துத் தண்ணீருக்காக நடந்திருக்கிறது. இந்த மனிதரோடு முப்பத்து மூன்று வருஷம் குடித்தனம் நடத்தியும், அவரை எழுப்ப எதைக் காட்ட வேண்டும் என்று தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. லுங்கியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது சேறு என்பது துடைத்த பிறகுதான் தெரிந்தது.

ஜஸ்டின் தயங்கித் தயங்கி வந்து நின்றான். தன் வாட்டம் தப்பவில்லை என்று தெரிந்ததில் அவனுக்கு உயிர் வந்திருந்தது. கோபப்பட வேண்டியவன்தான், ஆனால் பெரியவர் முகத்தைப் பார்த்ததும் கோபம் எங்கோ போய்விட்டது.

"சார், மொத நாளே நீங்க கேட்டீங்க, தண்ணி எங்க போவும்னு. நான்தான் யோசிக்காமச் சொல்லிட்டேன். இப்ப சொல்லுதேன், கேளுங்க. கேட்டுகிட்ட அந்தச் சின்னத் தொட்டியப் பெருசா ஆக்கிருவோம். பூமிக்குள்ள ஒரு டேங்கு. ரெண்டாயிரம் லிட்டர் நிக்கும். புல்லுத் தண்ணி வடிகட்டி அதுல விழும். ஒரு மோட்டாரு வச்சா மாடிக்கு ஏத்திக்கலாம், செடிக்கு, கழுவக் கொள்ளன்னு. நெறஞ்சு மிஞ்சுனாத்தான் ரோட்டுக்கு. டீக் ஹை?"

பாலசுப்பிரமணியம் நாற்காலியில் நிமிர்ந்தார். "மிஞ்சுனாத்தானே?"

"மிஞ்சுனாத்தான் சார்."

"மூவாயிரம் நிக்காதா?"

"நிக்க வச்சிருவோம் சார்." ஜஸ்டினுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அப்புறம் ஒண்ணு. டேங்குல ஒரு மெதவை போட்டு, ஒயரு இழுத்து, இந்தச் செவுத்துல உங்க சேருக்குப் பக்கத்துல ஒரு மீட்டர் வச்சிருதேன். எம்புட்டு நெறஞ்சிருக்குன்னு நீங்க உக்காந்த எடத்துலருந்தே பாத்துக்கலாம். அங்க வரைக்கும் போவவே வேணாம்."

"வேணாம்," என்றாள் சுசீலா.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். கன்னத்தில் சேற்றோடு அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"மீட்டரும் வேணாம், ஒயரும் வேணாம். மூடி மட்டும் போடு. அவரால தூக்கற மாதிரி மூடி. கேட்டுகிட்டயே இருக்கட்டும்."

"இல்லக்கா, சாருக்கு சௌரியமா..."

"சௌரியம் வேணாம் ஜஸ்டின். தண்ணி எவ்வளவு இருக்குன்னு தெரியணும்னா அவர் நடந்து போயிப் பாக்கட்டும். ஒரு நாளைக்கு எத்தனை தரம் தெரியணுமோ, அத்தனை தரம்."

ஜஸ்டினுக்கு இப்போது புரிந்தது. அவன் தரையைப் பார்த்துச் சிரித்தான். பாலசுப்பிரமணியத்துக்கும் புரிந்தது. அவர் மனைவியை முறைத்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. வெளியே மழை சற்று ஓய்ந்திருந்தது. புல்தரையின் உப்பல் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து அமுங்கிக்கொண்டிருந்தது. காத்தமுத்து கேட்டருகே மண்வெட்டியோடு நின்று, எங்கே தோண்டுவது என்று கையால் கேட்டார்.

"அந்தாளு சும்மாக் கண்ட எடத்துல வெட்டிரப் போறாரு," என்றார் பாலசுப்பிரமணியம் எரிச்சலாக. "எங்கிட்டு வெட்டணும், எம்புட்டு ஆழம் வெட்டணும்னு நான் பக்கத்துல நின்னு சொல்ல வேணாமா? அந்த வாக்கரை இங்கிட்டு எடு."

சுசீலா எடுத்துக் கொடுத்தாள். அவர் படியில் நின்று ஒரு காலைக் கீழே வைத்தார், பிறகு இன்னொன்றை. அவள் கையை நீட்டவில்லை. இரண்டடி பின்னால் விட்டு, வெறுங்காலோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள்.